பெட்ரோல் இல்லாத பங்குக்கு ஒரு முதலாளி

மாப்ள, சேதி கேள்விப்பட்டேன். உங்கம்மாதான் சொன்னா. "எம்பிள்ள அமெரிக்காவுல பெட்ரோல் பங்க் வச்சிட்டான்"னு தெருவெல்லாம் சொல்லித் திரியுறா. நானும் ஆமா, ஆமான்னு தலையாட்டிக்கிட்டேன். அது ஒத்தப் பம்பு, அதுல சொட்டுப் பெட்ரோல் கிடையாது, ஓடாது, விக்காது, வீட்டுக்குள்ள நிறுத்தி லைட்டுப் போட்டு வேடிக்கை பாக்கிறதுக்கு வாங்குனதுன்னு நான் வாயே திறக்கல. பெத்தவ சந்தோசத்தை எதுக்குக் கெடுக்கணும்? என்ன, மேலத்தெருவுல ஒருத்தர் தன் பையனுக்கு உன் பங்குல வேலை கேட்டு வந்துட்டுப் போனார். உன் நம்பரைக் குடுத்திருக்கேன். மரியாதையாப் பேசு.

என்ன விலைன்னு கேட்க மாட்டேன். கேட்டா நீ பாதி சொல்லுவ, அதை நான் ரூபாயில பெருக்கிப் பாப்பேன், ராத்திரி ரெண்டு பேருக்கும் தூக்கம் வராது. உன் வீட்டுக்காரிகிட்ட நீ கால்வாசிதான் சொல்லியிருப்ப. அந்தப் புள்ள பேங்க் கணக்குல முழுசையும் பார்த்துட்டுத்தான் சும்மா இருக்குதுன்னு உனக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். எப்படித் தெரியும்னு கேட்காதே.

ஆனா ஒண்ணு சொல்லணும். வாங்கியிருக்கிற இடம் பொருத்தமான இடம். இந்தப் பம்பு வம்சத்துக்கே தாய்வீடு நீ குடியிருக்கிற ஃபோர்ட் வேய்ன்தான். நான் அங்க வந்திருந்தப்ப நீ காலையில லேப்டாப்புக்குள்ள தலைய விட்டா பொழுது சாஞ்சுதான் வெளிய எடுப்ப. எனக்குப் பொழுது போகணுமே! பக்கத்து வீட்டு வெள்ளக்காரப் பெரியவர் பம்புக் கம்பெனியில வேலை பார்த்து ஓய்வு வாங்குனவர். நானோ கோவில்பட்டிச் சுத்துப்பட்டியில ஆயில் எஞ்சினையும் பம்புசெட்டையும் பிரிச்சுப் பிரிச்சே நரைச்சவன். உன் மகளை நடுவுல உட்கார வச்சுக்கிட்டு நாங்க பேசுனதெல்லாம் இந்த விசயம்தான். நீ ஆபீஸ் மீட்டிங்கில "எஸ், எஸ்"னு சொல்லிக்கிட்டு இருந்த நேரத்துல உன் கராஜ் படியில ஒரு பள்ளிக்கூடமே நடந்துச்சு.

அந்த ஊர்ல 1885-ல ஜேக் கம்பர்னு ஒரு மளிகைக் கடைக்காரர். அவர் கடையில மண்ணெண்ணெய்ப் பீப்பாயும் வெண்ணெய்ச் சட்டியும் ஒண்ணை ஒண்ணு ஒட்டி இருந்திருக்கு. வெண்ணெய் வாங்கிட்டுப் போனவங்களுக்கு வாயில வச்சா மண்ணெண்ணெய். ரேஷன் அரிசியும் மண்ணெண்ணெயும் ஒரே மாட்டுவண்டியில வந்து இறங்குன காலத்துச் சோறு தின்ன எனக்கு அதைக் கேட்டதும் நாக்குல பழைய ருசி ஊறிடுச்சு. அதே ஊர்க்காரர் சில்வானஸ் பவுசர்தான் இதுக்கு வழி பண்ணினவர். பீப்பாய்க்குள்ள உருளை, உருளைக்குள்ள பிஸ்டன், மேல ஒரு கைப்பிடி. இழுத்தா அளந்து ஊத்தும். எண்ணெய் கையில படாது, வெண்ணெயிலயும் படாது. 1905 வாக்குல அந்தக் கம்பெனியே பெட்ரோலுக்கும் பம்பு செஞ்சு வித்திருக்கு. வேய்ன் கம்பெனி, டோக்ஹைம் கம்பெனின்னு மத்த பெரிய பம்புக்காரங்களும் அதே ஊர்லதான் கடை விரிச்சிருக்காங்க. கார் கண்டுபிடிச்ச பெருமை யாருக்கோ போகட்டும். அதுக்குத் தண்ணி காட்டுன ஊரு உன் ஊரு.

இப்ப உன் பம்புக்கு அண்ணன் ஒருத்தன் இருக்கான், அவன் கதையைக் கேளு. ஆரம்பத்துல பெட்ரோல் பம்புன்னா மூடுன இரும்புதான். உள்ள என்ன இருக்கு, எவ்வளவு வருது, ஒண்ணும் தெரியாது. வண்டிக்காரனுக்குச் சந்தேகம். நாம ரேஷன் கடையில மண்ணெண்ணெய் அளக்கிறப்ப நுரையையும் சேர்த்து அளந்துட்டான்னு முறைச்சுக்கிட்டு நிப்போமே, அதே சந்தேகம். அதனால பம்பு உச்சியில பெரிய கண்ணாடி உருளையை வச்சாங்க. பெரும்பாலும் பத்து கேலன் பிடிக்கும். உள்ள கேலன் கேலனா எண் போட்ட வில்லைக. கடைக்காரன் ஆளுயர நெம்புகோலைப் பிடிச்சு முன்னும் பின்னும் ஆட்டி எண்ணெயை மேல ஏத்துவான். வண்டிக்காரன் அண்ணாந்து பார்த்து, சரியா இருக்குன்னு தலையாட்டினப்புறம் ஹோஸ் வழியாத் தன்னால கீழ இறங்கும். கண்ணுக்குத் தெரியணும்னே கம்பெனிக்காரங்க பெட்ரோலுக்குச் சாயம் கூடப் போட்டிருக்காங்க. மனுசன் மேல மனுசனுக்கு இருந்த சந்தேகத்துக்குக் கட்டுன கோபுரம் அது. அதை இன்னைக்கு ஆசையா வாங்கி வீட்டு நடுவுல வைக்கிறீங்க. பரவாயில்ல, சந்தேகம் இல்லாத வீடு எங்க இருக்கு!

அந்த உயரப் பம்பு ஒண்ணை உன் சிநேகிதன் வாங்கிக் கண்ணாடிக்குள்ள சிவப்புச் சாயத் தண்ணி நிரப்பி வச்சிருக்கான்னு நீ பெருமையாச் சொன்ன. அவனுக்கு என் ஆசீர்வாதத்தைச் சொல்லு. பத்து கேலன் தண்ணின்னா முப்பத்தெட்டுக் கிலோ. அதைத் தலைக்கு மேல, பழைய வாஷரை நம்பித் தொங்க விட்டுட்டுக் கீழ சோபா போட்டு உட்கார்ந்திருக்கான்ல? தைரியசாலி. சோபா என்ன நிறம்னு மட்டும் கேட்டுச் சொல்லு. சிவப்புன்னா கவலை இல்ல.

உன்னுது அதுக்கு அடுத்த தலைமுறை, 1930-கள்ல வந்த ஜாதகம். கரண்ட் மோட்டார் இழுக்கும், மீட்டர் அளக்கும், முகப்புல இலக்கச் சக்கரம் உருண்டு இத்தனை கேலன், இத்தனை காசுன்னு காட்டும். அந்தக் கணக்குப் பெட்டிக்கு என்ன பேரு தெரியுமா? கம்ப்யூட்டர். வீடர்-ரூட்னு கனெக்டிகட்காரங்க செஞ்சது. கணக்குப் போடுறது முழுக்கப் பல்சக்கரம். அப்டேட்டு கிடையாது, பாஸ்வேர்டு கிடையாது, ராத்திரி ரெண்டு மணிக்குப் போன் அடிச்சு "சர்வர் டவுன்"னு யாரும் எழுப்ப மாட்டாங்க. தொண்ணூறு வருசத்துக்கு முந்தின அந்தப் பெட்டியில ஒரு சொட்டு எண்ணெய் விட்டா இன்னைக்கும் கூட்டிக் கழிக்கும். நீ எழுதுன புரோகிராம் எதுவாவது போன தீபாவளியைத் தாண்டி ஓடுச்சா?

கோவிச்சுக்காதே, அதுக்கும் ஒரு கோளாறு வந்துச்சு. நிறையப் பம்புல கேலனுக்கு 99.9 சென்ட்டுக்கு மேல விலை வைக்கவே முடியாது, இலக்கத்துக்கு இடம் இல்ல. 1979, 80 வாக்குல பெட்ரோல் விலை ஒரு டாலரைத் தாண்டினதும் கடைக்காரங்க முழிச்சாங்க. அரைக் கேலன் விலையைப் பம்புல வச்சுட்டு, வந்த தொகையை ரெண்டால பெருக்கி வாங்குனாங்க. சக்கரத்துல ஒரு இலக்கம் பத்தாமப் போன கதை. வருசத்தை ரெண்டே இலக்கத்துல எழுதி வச்சுட்டு 2000 வந்ததும் உலகமே அலறுச்சே, அது ஞாபகம் இருக்கா? அந்தக் கோளாறைச் சரி பண்றேன்னுதான நீ விமானம் ஏறுன! இலக்கம் பத்தாமப் போனதுல பொழைச்ச குடும்பம் நம்மது. அந்தப் பெட்டியைப் பார்த்தா ஒரு கும்பிடு போட்டுட்டுப் போ.

அதனாலதான் சொல்றேன், உள்ள இடம் வேணும், லைட்டு வைக்கணும்னு அந்தக் கம்ப்யூட்டரைக் கழத்தி வீசிடாதே. ஏமாத்தக்கூடாதுன்னு பொறந்த மிசினு அது. ஹோஸ் கிளம்புற இடத்துல சின்னக் கண்ணாடிக் குமிழும் அதுக்குள்ள ஒரு சுழலியும் இருக்குதா பாரு. எண்ணெய் ஓடுதுன்னு வாங்குறவன் கண்ணுக்குக் காட்டத்தான் அது. இவ்வளவு நேர்மையான சாமானை வீட்டுக்குக் கூட்டிட்டு வந்து பொய் சொல்ல வச்சுடாதே.

என்ன பொய்யா? சொல்றேன். உச்சியில உட்கார்ற கண்ணாடிக் குளோப் இருக்கே, ஷெல் கம்பெனிக்குச் சிப்பி, ஸ்டாண்டர்டு ஆயிலுக்குக் கிரீடம்னு, அந்தக் காலத்து அசல் குளோப் சில சமயம் பம்பையே தூக்கிச் சாப்பிடுற விலைக்குப் போகும். பார்த்தா அதே மாதிரி இருக்கிற புதுசும் கடையில விக்கிறாங்க. புதுசு வாங்குறது தப்பே இல்ல. வாங்கிட்டு, வர்றவங்ககிட்ட "இது நெப்ராஸ்காவுல ஒரு கிழவன் களஞ்சியத்துல கண்டெடுத்தது"ன்னு கதை விடுவ பாரு, அதைத்தான் சொல்றேன். குளோப் கழுத்துக்கு உள்பக்கம் "புதுசு"ன்னு எழுதி வச்சுடு. நாளைக்கு உன் மக விக்கப் போறப்ப வாங்குறவன்கிட்ட அவ அவமானப்படக் கூடாதுல்ல.

நிறமும் அப்படித்தான். இணையத்துல பார்த்தேன், செக்கச்செவேல்னு அடிக்கப் போறேன்னு சொன்ன. கொஞ்சம் பொறு. பம்பு செஞ்சவன் ஒருத்தன், எண்ணெய் வித்தவன் இன்னொருத்தன். எண்ணெய்க் கம்பெனி மாறுறப்பல்லாம் பம்புக்கும் சட்டை மாத்தியிருப்பாங்க. மறைவான ஒரு மூலையில வாட்டர் பேப்பரை நனைச்சு மெதுவாத் தேய்ச்சா ஒவ்வொரு பூச்சா வெளிய வரும். அடியில என்ன நிறம் இருக்குதுன்னு பார்த்துட்டு முடிவு பண்ணு. பச்சைக்குப் பொறந்த பிள்ளைக்குச் சிவப்புச் சட்டை மாட்டாதே. உள்பக்கம் ஆணியடிச்ச கம்பெனித் தகட்டுல நம்பர் இருக்கும். அதை மட்டும் பெயிண்ட்டுக்குள்ள புதைச்சிடாதே.

நனைச்சுத் தேய்னு சொன்னதுக்குக் காரணம் இருக்கு. அந்தக் காலத்துப் பெயிண்ட்டுல ஈயம் கலந்திருப்பாங்க. பெட்ரோல்லயும் 1923-ல இருந்து ஈயம். அமெரிக்காவுல ரோட்டு வண்டிக்கு அதை முழுசா நிறுத்துனது 1996-ல. நம்ம நாட்டுல 2000-ல. ஆகப் பம்புக்கு வெளியவும் ஈயம், உள்ளயும் ஈயம். காஞ்ச உப்புத்தாளை எடுத்துப் பரபரன்னு தேய்ச்சேன்னா அத்தனையும் தூசியாப் பறந்து உன் நெஞ்சுக்குள்ள குடியேறும். ஈயத் தூசிக்குன்னு இருக்கிற மாஸ்க்கை மாட்டு. கராஜ்ல உன் மக சைக்கிளை முதல்ல வெளிய எடு. மகளையும்தான், நீ சைக்கிளை மட்டும் எடுத்துட்டு நிப்ப.

அடுத்தது முக்கியமானது, காதைக் குடுத்துக் கேளு. நாப்பது வருசமா ஓடாத பம்புதானே, உள்ள என்ன இருக்கப் போகுதுன்னு நினைப்ப. மீட்டருக்குள்ளயும் பம்பு வயித்துக்குள்ளயும் பழைய பெட்ரோல் தங்கியிருக்கும். திரவம் இல்லாட்டியும் ஆவி இருக்கும். பெட்ரோல் ஆவி காத்தை விடக் கனம், தரையோட தவழ்ந்து போகும். உன் கராஜ் மூலையில தண்ணி சூடு பண்ற கேஸ் ஹீட்டர் நிக்குது, அதுக்கு அடியில எப்பவும் ஒரு குட்டித் தீ எரியுது. நான் ராத்திரி குளிருக்கு அங்க போய் நின்னு பார்த்தவன். நீ இங்க மூடியைத் திறப்ப, அது அங்க போய்ச் சேரும். அதுக்கப்புறம் உங்கம்மா தெருவுல சொல்லித் திரிய வேற சேதி வந்துடும். அதனால வெளிய, திறந்த வெளியில, ஒரு பொறி இல்லாத இடத்துல பிரி. துருப்பிடிச்ச போல்ட்டு இளகலைன்னா துரு இளக்குற எண்ணெயை விட்டுட்டு நாளைக்கு வா. நெருப்புக் காட்டி இளக்கிறது, கிரைண்டர் வச்சு அறுக்கிறது, இந்த வீரமெல்லாம் வேண்டாம். வடிச்ச எண்ணெயைச் சாக்கடையில ஊத்தாதே. அபாயக் கழிவு வாங்குற இடம் உங்க ஊர்ல இருக்கு.

தகட்டு வேலைக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்ல. நம்ம ஊர்ல லாரிக்கு டிங்கரிங் பார்க்கிறவன் செய்யிறதுதான். நெளிசலைத் தட்டி, பட்டி போட்டு, தேய்ச்சு, பிரைமர் அடிச்சு, அப்புறம் பெயிண்ட். மணலைப் பீச்சித் துரு எடுக்கிறவன்கிட்ட குடுத்தா மெல்லிசுக் கதவுத் தகடு நெளிஞ்சுடும். தகடு மெல்லிசுன்னு முன்னாடியே சொல்லிக் குடு. பிரிக்கிறப்ப ஒவ்வொண்ணையும் போட்டோ எடு. சாப்பாட்டை எல்லாம் போட்டோ எடுக்கிறவன்தானே நீ, இதுக்கும் ரெண்டு எடு. கடைசியில ஸ்குரூ மிஞ்சுனா என்கிட்ட சொல்லாதே.

கனம் குறையட்டும்னு மோட்டாரையும் பம்பையும் கழத்துவ. கழத்து, நாத்தமும் போகும். ஆனா அது ரெண்டும் அடிவயித்துல இருந்த பாரம். அது போனா மிச்சம் இருக்கிற கனமெல்லாம் மேல: கம்ப்யூட்டரு, கண்ணாடி, குளோப்பு. யாராவது விருந்தாளி வீட்டுப் பையன் "டுர்ர்"னு ஹோஸைப் பிடிச்சு இழுத்தான்னா பம்பு அவன் மேலயே சாயும். அகலமான பலகையில போல்ட்டுப் போட்டு முறுக்கு, இல்ல தரையோட பிடி. கழத்துன மோட்டாரையும் பேர் எழுதிக் கட்டி வை. அடுத்த கிறுக்கன் ஒருத்தன் அதை ஓட்டிப் பார்க்கணும்னு வருவான்.

இனி நீ கேட்டு வந்த லைட்டு. உள்ள இருக்கிற பழைய வயரு துணி சுத்துனது, ரப்பரு எல்லாம் பொரிஞ்சு போயிருக்கும். தொட்டுப் பார்த்து "நல்லாத்தான் இருக்கு மாமா"ன்னு சொல்லாதே. மொத்தத்தையும் உருவிப் போடு. குளோப்புக்குள்ள அந்தக் காலத்துக் குண்டு பல்பைப் போட்டா மூடுன கண்ணாடிக்குள்ள சூடு தேங்கி எழுத்துப் பூச்சு உரியும், பிளாஸ்டிக் வளையம்னா வளைஞ்சே போகும். ஏழு வாட் எல்இடி ஒண்ணு போதும். வெள்ளை வெளேர்னு வேண்டாம், பெட்டியில 2700 கெல்வின்னு போட்டிருக்கிற மஞ்சள் வெளிச்சமா வாங்கு. நீ ஆசைப்பட்ட அந்த நீலமும் ஊதாவுமா மாறி மாறி மினுக்குற சரம் இருக்கே, அதை எனக்கு அனுப்பிடு. இங்க கொடைக்குச் சப்பரம் கட்டுறாங்க, உபயம் உன் பேர்ல எழுதச் சொல்றேன்.

உன் மக ஒரு நாள் புத்தகத்துல ஒரு படத்தைக் காட்டினா. எட்வர்ட் ஹாப்பர் 1940-ல வரைஞ்சதாம், பேரு 'கேஸ்'. நியூயார்க் நவீனக் கலை மியூசியத்துல இருக்குதாம். ரோட்டோரம் மூணு சிவப்புப் பம்பு, பக்கத்துல ஒத்தை மனுசன். பின்னால காடு இருட்டிக்கிட்டு வருது. வண்டி ஒண்ணு கூட இல்ல. யாவாரமே இல்லாத பங்க்குல அந்த ஆள் என்னதான் செய்யிறான்னு நானும் அவளும் ரொம்ப நேரம் பார்த்துக்கிட்டு இருந்தோம். எதுக்குச் சொல்றேன்னா, அந்தப் படத்துல விளக்கு வெளிச்சம் அளவாத்தான் இருக்கும். உன் ஹாலுக்கும் அவ்வளவு போதும். முகப்புக்கு 12 வோல்ட் சரத்தைக் கண்ணாடிக்குப் பின்னால, பல்பு நேரா கண்ணுல குத்தாத மாதிரி ஓரமா ஒட்டு. அதுக்கான அடாப்டர் பம்புக்கு வெளியவே இருக்கட்டும். முடிஞ்சா குளோப்புக்கும் 12 வோல்ட் பல்பே போட்டுடு. இரும்புக்குள்ள பெரிய கரண்டே போகாது, எனக்கும் தூக்கம் வரும்.

இல்ல, 120 வோல்ட்தான் இழுப்பேன்னு அடம் பிடிச்சா, மூணு முள் பிளக்குப் போடு. வயர் தகட்டுக்குள்ள நுழையிற ஓட்டைக்கு ரப்பர் வளையம் வை, இல்லாட்டித் தகட்டு விளிம்பே வயரை அறுத்துடும். பச்சை வயரைப் பம்பு உடம்போட முறுக்கு. முறுக்குற இடத்துல நீ ஆசை ஆசையா அடிச்ச பெயிண்ட்டைச் சுரண்டி இரும்பு தெரிய வச்சு முறுக்கணும்; பெயிண்ட்டு மேல முறுக்குனா எர்த் பிடிக்காது. டெஸ்ட் பட்டன் இருக்கிற பிளக் பாயிண்ட்டுல மாட்டு. சுவிட்சை உன் வீட்டுக்காரி கைக்கு எட்டுற இடத்துல வை. கரண்ட் பில்லுக்குப் பயந்து சொல்லல, ஏழு வாட்டுக்கு என்ன பெரிசா வந்துடப் போகுது. இந்த வீட்டுல அணைக்கிற அதிகாரம் யார்கிட்ட இருக்குன்னு ரெண்டு பேருக்கும் தெளிவா இருக்கட்டும்.

அப்புறம், வேலை முடிஞ்சதும் குளோப் எரியுறதை வீடியோ எடுத்து ஊருக்கெல்லாம் அனுப்புவ, உங்கம்மா அதை எல்லார் வீட்டுக்கும் கொண்டு போய்க் காட்டுவா. எனக்கு அது வேண்டாம். பச்சை வயரு முறுக்குன இடத்தைக் கிட்டப் போய் ஒரு போட்டோ எடுத்து எனக்கு அனுப்பு. அதைப் பார்த்துட்டு உன் பம்பு எப்படி இருக்குன்னு சொல்றேன்.